மரகதம் துப்பின வைன்

மரகதம் வீட்டு கிச்சன்ல, பெருங்காய டப்பாவுக்கும் நல்லெண்ணெய் பாட்டிலுக்கும் நடுவுல ஒரு ரெட் வைன் பாட்டில் உண்டு. வருஷக்கணக்கா அங்கேயேதான் நிக்குது, கார்க்கைத் திறந்ததில்ல. அவ வீட்டுக்காரர் மணியனுக்கு டெக்சாஸ்ல வேலை கிடைச்சு, அங்க காப்பெல்ங்கற ஊர்ல வீடு பார்த்தாச்சு. போன வாரம் பேக்கிங்குக்குக் கை குடுக்க நாங்க சிலபேர் போயிருந்தோம். காமாக்ஷி அந்த பாட்டிலைக் கையில எடுத்துட்டு என்கிட்ட வந்து, "நெருப்பில்லாம புகையுமா ஸ்வர்ணா? ஊர்ல சொன்னது நிஜந்தான் போல"ன்னு காதைக் கடிச்சா.

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல வரும்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார், வரட்டுமே. "பாட்டிலை முதல்ல கீழ வை. அந்த பாக்ஸ் மேல உக்காரு. ஊர்ல சொன்னதைக் கேட்டியே, இப்ப நடந்ததைக் கேளு"ன்னேன். காமாக்ஷிகிட்ட சொன்னதைத்தான் இங்கேயும் சொல்றேன்.

மரகதம் கோபிச்செட்டிபாளையத்துப் பொண்ணு. நான் மாம்பலம். இங்க லிவர்மோர்ங்கற ஊர்ல ஒரே அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ்ல இருந்தோம், அவங்க கீழ, நாங்க நேர் மேல. அவ என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவா, நாய்க்குட்டியைக்கூட "தள்ளிப் போங்க"ன்னுதான் சொல்வா. கீழ் வீட்டுல என்ன சமையல்னு எனக்கு ஜன்னல் வழியா வந்துடும். கடலைப்பருப்பு வறுபட்டா இன்னிக்கு அரைச்சுவிட்ட குழம்பு. வரமிளகாயும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து வந்தா யாரோ விருந்தாளி. அந்த வாசனையைப் பிடிச்சுட்டே நான் என் வீட்டு மோர்சாதத்தைச் சாப்பிட்டு முடிச்ச நாள் உண்டு.

எங்க க்ரூப்ல மாசம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருத்தர் வீட்டுல பூஜை. நைவேத்தியம் மரகதம் பொறுப்பு. சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னாடி வாயில வச்சுப் பார்க்கக் கூடாது இல்லையா. நாங்கெல்லாம் குத்துமதிப்பா உப்பைப் போட்டுட்டு பாரத்தை சாமி மேல போட்டுடுவோம். மரகதம் பாத்திரத்து மேல குனிஞ்சு ஆவியை ஒரு இழுப்பு இழுப்பா. "இன்னுங் கொஞ்சம் உப்பு கேக்குதுங்கக்கா"ம்பா. "யாரு கேக்கறா, சாமியா, பானையா?"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். ஆனா ஒரு தடவைகூட உப்பு தப்பினதில்ல. மூக்குலயே உப்பு பார்க்கற கை அது.

தொண்ணூத்திநாலு டிசம்பர்ல ஆல்டமான்ட் மலைப்பக்கம் ஃப்ரீவேல அப்படி ஒரு மூடுபனி. இவங்க காரைப் பின்னாடி வந்த வண்டி இடிச்சுது. மணியனுக்கு ஒரு கீறல் இல்ல. மரகதத்துக்குப் பின்மண்டைல அடி. ஆஸ்பத்திரில வச்சிருந்து, ஸ்கேன்ல பயப்பட ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நாங்களும் தேங்காய் உடைச்சோம்.

அப்புறம் ஒரு நாள் நான் வேலை முடிஞ்சு வரேன், கீழ் வீட்டுலேர்ந்து சாம்பார் தீயற நாத்தம். ஓடிப்போய்ப் பார்த்தா, அடுப்புக்குப் பக்கத்துலயே நின்னு மரகதம் கொத்தமல்லி ஆஞ்சுட்டு இருக்கா. பாத்திரம் கரியாயிட்டு இருக்கு. அவ பொண்ணு யாமினிக்கு அப்ப நாலு வயசு, "அம்மா, ஸ்மோக், ஸ்மோக்"னு அவ கையைப் பிடிச்சு இழுக்குது. மரகதம் அடுப்பைப் பார்த்தா. கையில இருந்த கொத்தமல்லியை மூக்கோட வச்சு அமுக்கினா.

"அக்கா, இதுல வாசமே இல்லீங்களே"ன்னா.

மூக்குலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு அடியில அறுந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். தானா துளிர்த்தா உண்டு. ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டு ஆகலாம், வராமலேயும் போகலாம். மாத்திரை மருந்து கிடையாது. நம்ம ஜனங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "கண்ணா போச்சு, காதா போச்சு, மூக்குதானே." சொன்னவங்களை ஒரு வேளை மூக்கைப் பொத்திட்டுச் சாப்பிடச் சொல்லணும். காபி வெறும் கசப்பு வெந்நீர் ஆயிடுச்சு அவளுக்கு. உப்பு கரிக்கும், புளி புளிக்கும், சர்க்கரை இனிக்கும், மிளகாய் எரியும், அவ்வளவுதான், மத்ததெல்லாம் அட்டையை மெல்லற மாதிரி. அதுகூடப் பரவாயில்ல. "யாமினி தலையை மோந்து பார்த்தா யாரு வீட்டுப் புள்ளையோன்னு இருக்குதுங்கக்கா"ன்னு சொன்னா பாருங்க, அன்னிக்கு நான் மாடிப்படியில உக்கார்ந்து அழுதேன்.

அவ சமைக்கறதை விட்டுட்டா. நைவேத்தியத்தை வேற யாராவது பண்ணட்டும்னுட்டா. வாயில வச்சுப் பார்க்கவும் கூடாது, மோந்தா தெரியவும் தெரியாதுன்னா அப்புறம் எந்த தைரியத்துல பானையை ஏத்தறது? மணியன் உப்புமா கிண்டினார். அந்த உப்புமாவைப் பத்தி நான் பேச மாட்டேன், மனுஷன் பாவம். என் ஜன்னல் வழியா ஒண்ணுமே வரல. ஒரு வீட்டுல ஆள் இருந்தும் இல்லாத மாதிரி இருக்கறதுன்னா என்னன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

நான் வேலை பார்த்தது ஒரு சின்ன லேப். சுத்துவட்டாரத்துல வைன் தயாரிக்கற வைனரிங்க சாம்பிள் அனுப்புவாங்க, புளிப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவுன்னு டெஸ்ட் பண்ணிக் குடுப்போம். லூசியான்னு ஒரு அம்மா, அவ தம்பி ஜோ, ரெண்டு பேருமா அப்பா விட்டுப்போன தோட்டத்துல வைன் போட்டாங்க. இத்தாலிக்காரக் குடும்பம். வாய் ஓயாது, கை அதுக்கு மேல பேசும். ரெட் வைன் மட்டும் நாலு வகை. பார்பேரா, ஜின்ஃபண்டல், கேபர்னே, பெட்டீட் சிரா. மார்ச் மாசம் ஒரு வியாழக்கிழமை, ரிசல்ட் குடுக்கப் போறப்ப மரகதத்தையும் கிளப்பினேன். வைன்னு சொன்னா வர மாட்டாளேன்னு, "திராட்சைத் தோட்டத்துக்குப் போயிட்டு வரலாம் வா"ன்னேன். கம்பத்துப் பக்கத்துப் பன்னீர் திராட்சையை நினைச்சுட்டு வந்திருக்கா, பாவி மக.

நான் ஜோகிட்ட பேப்பரைக் காட்டிப் பேசிட்டு இருந்தேன். லூசியா ஒரு பீப்பாய்லேர்ந்து கண்ணாடிக் குழாயால உறிஞ்சி கிளாஸ்ல விட்டு, வந்த விருந்தாளிக்கு மரியாதையா நீட்டியிருக்கா. நம்மாளு அதை திராட்சை ஜூஸ்னு நினைச்சுட்டா. மூக்கு இருந்தா கிட்ட வரும்போதே தெரிஞ்சிருக்கும், அதுதான் இல்லையே. குடுத்ததை வேண்டாம்னு சொல்ற பழக்கம் கோபிக்காரங்களுக்குக் கிடையாது. கிளாஸ்ல உதடு படாம அண்ணாந்து ஊத்திக்கிட்டா. நான் திரும்பிப் பார்க்கறேன், கழுத்தை நிமிர்த்தி வாய்க்குள்ள மடமடன்னு இறக்கறா. லூசியா வாயைப் பொளந்து நிக்கறா.

மரகதம் முகம் சுருங்கிச்சு. கன்னம் உள்ள ஒட்டிச்சு. நாக்கை மேலண்ணத்துல வச்சு வச்சு எடுத்தா.

"அக்கா, துவர்க்குதுங்க"ன்னா.

"மரகதம், அது வைன்."

அவ காதுல அது விழவே இல்ல. "வாழைப்பூவை மோர்ல போடாம மென்ன மாதிரி துவர்க்குதுங்கக்கா. எனக்குத் தெரியுதுங்க." கண்ணுல தண்ணி நிக்குது, வாய் சிரிக்குது. வெறும் உப்பு, புளி, இனிப்பு, காரம், கசப்பு தவிர வேற ஒண்ணு அவ வாய்க்கு எட்டி மூணு மாசம் ஆச்சு. அப்புறந்தான் நான் சொன்னது உறைச்சு, "ஐயோ சாமி"ன்னு வாயைப் பொத்திக்கிட்டா. பொத்தின கையை எடுத்துட்டு மெதுவா, "இன்னுங் கொஞ்சம் குடுப்பாங்களான்னு கேளுங்க, துப்பிடறேன்"ன்னா.

துவர்ப்பு வாசனையைச் சேர்ந்தது இல்லையாம். அது நாக்கையும் கன்னத்தையும் பிடிச்சு இழுக்கற தொடு உணர்ச்சியாம், மூக்கு செத்தாலும் அது சாகாதாம். லேப்ல இருக்கற எனக்கே அது அப்புறந்தான் தெரிஞ்சுது. லூசியா, அவ என்ன சொன்னான்னு கேட்டா. துவர்ப்புக்கு எனக்கு இங்கிலீஷ் வார்த்தை வரல. பிட்டர்னா கசப்பு. ட்ரைன்னு அவங்க சொல்றது வேற எதையெதையோ சேர்த்து. அஸ்ட்ரின்ஜென்ட்னா ஏதோ மருந்துக்கடை சமாச்சாரம் மாதிரி இருக்கு. "இவங்க ஊர்ல அதை ஆறு சுவைல ஒண்ணா வச்சிருக்காங்க"ன்னேன். லூசியா அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தா. "துவார்ப்பு." விரலை மடக்கி, கன்னத்தைக் கிள்ளிக் காட்டி, "துவார்ப்பு"ன்னு மறுபடி சொன்னா. அவளுக்கும் அதுதான் பிரச்சனையாம். பெட்டீட் சிரா வாயைக் கட்டிப்போடற வைன். எந்தப் பீப்பாய் எப்ப அடங்குதுன்னு பார்த்துதான் பாட்டில்ல அடைக்கணும். ஆனா அவளும் தம்பியும் வாசனையில மயங்கி, நாக்கு சொல்றதைக் காதுல வாங்க மாட்டேங்கறாங்களாம். வியாழக்கிழமைதோறும் வருவியான்னு கேட்டா.

அப்படித்தான் மரகதம் வைனரிக்குப் போக ஆரம்பிச்சா. அடுத்த தடவையே கைப்பையிலேர்ந்து எவர்சில்வர் டபராவும் டம்ளரும் எடுத்தா. "யார் யாரோ வாய் வச்ச கிளாஸுங்க, எச்சில்"னு என்கிட்ட குசுகுசுத்தா. துப்பறதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம். ஒருத்தர் வீட்டுக்குள்ள நின்னு எப்படித் துப்பறதுன்னு, ஒவ்வொரு வாய்க்கும் வெளிய ஓடி, ஒரு ரோஜாச் செடிக்குப் பின்னாடி மறைஞ்சு துப்பிட்டு வருவா. அந்தச் செடிதான் ஊர்லயே அதிகமா குடிச்ச செடி.

ருசி சொல்றதுல அவளுக்குன்னு ஒரு பாஷை வந்துச்சு. பார்பேரா துவர்ப்பே இல்ல, வெறும் புளிப்பு, "இதை ரசத்துக்குத்தான் விடணுங்க"ம்பா. ஜின்ஃபண்டல் நாவல்பழம், இனிப்பு காட்டிட்டு அப்புறம் நாக்கை உலர்த்தும். கேபர்னே கொட்டைப்பாக்கு. பெட்டீட் சிரா வாழைப்பூ, சில பீப்பாய் கடுக்காய். லூசியா அவ பங்குக்கு பிளாக்பெர்ரி, பிளம், பெட்டீட் சிரால கருமிளகுன்னு அடுக்குவா. மரகதம் என்னைப் பார்த்து, "வைன்ல எங்கீங்க மிளகு? நல்லா விடறாங்க கதை"ன்னு சிரிப்பா. அந்தம்மா சும்மா வியாபாரத்துக்குச் சொல்றான்னுதான் அவ நினைச்சா.

ஒரு நாள் பெட்டீட் சிரா ரொம்பப் பிடிச்சு இழுத்திருக்கு. நம்மாளு பழக்கதோஷம், டபராவுக்கும் டம்ளருக்குமா காபி ஆத்தற மாதிரி நுரை பொங்க ஆத்திட்டா. லூசியா வாங்கிக் குடிச்சுப் பார்த்துட்டு ஜோவைக் கூப்பிட்டா. வைன் இளகிடுச்சு. அவங்க அகலக் கண்ணாடிக் குடுவைல ஊத்தி மணிக்கணக்கா காத்துபட வைக்கறதை இவ டபராவுல முடிச்சுட்டா. ஜோ விழுந்து விழுந்து சிரிச்சான். மரகதத்துக்கு வெக்கமாப் போச்சு. "ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்க வேண்டாமுங்களா"ன்னு முணுமுணுத்தா. லூசியா விடல, அர்த்தம் சொல்லுன்னா. சமைக்கற வரைக்கும் காத்திருந்தவங்க ஆறற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்களாமான்னு சொன்னேன். எங்க பாஷையில ஆறறதுன்னா காபியும் ஆறும், புண்ணும் ஆறும், மனசும் ஆறும்னு சொன்னேன். லூசியா கொஞ்ச நேரம் கையை ஆட்டாம இருந்தா, அது அதிசயம்.

எல்லா நாளும் இப்படி இல்ல. ஒரு பீப்பாயை மரகதம், "இது அடங்கிடுச்சுங்க, இழுப்பே இல்ல"ன்னு சந்தோஷமா சொன்னா. ஜோ குனிஞ்சவன் சட்டுன்னு பின்னால நகர்ந்தான். அழுகின முட்டை நாத்தம். எனக்கே தள்ளி நிக்கறப்ப வந்துச்சு. இவ அதை வாயில வச்சுட்டு நிக்கறா. வீட்டுக்கு வர வழியில கார்ல, "பால் கெட்டுப்போனாக்கூட எனக்குத் தெரியாதுங்க. புள்ளைக்கு அதையே ஆத்திக் குடுத்துருவேன். நான் இனி எங்கேயும் வரலீங்க"ன்னா. அடுத்த வியாழக்கிழமை வரல.

லூசியா அவளே வந்தா. நாலு படி ஏறினா மூச்சு வாங்கற பொம்பளை, எங்க காம்ப்ளெக்ஸ்ல கதவு கதவா தட்டிக் கண்டுபிடிச்சு வந்தா. கையில சாம்பிள் பாட்டில். மரகதம் கையைப் பிடிச்சுக்கிட்டு இங்கிலீஷ்ல, "ஆறப் பொறுக்கணும்னு எனக்குச் சொன்னது நீ. அது வைனுக்கு மட்டுந்தானா? உனக்கு இல்லையா?"ன்னு கேட்டா. அதைத் தமிழ்ல சொல்லலாம்னு நான் மரகதம் பக்கம் திரும்பினேன். சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, மரகதத்துக்குப் புரிஞ்சுடுச்சு.

இதுக்குள்ள நம்ம ஊர் வேலையைக் காட்டிடுச்சு. மரகதம் குடிக்கறா, மணியன் கண்டுக்கறதில்ல, வைன் பட்ட வாயாம், அந்தக் கையால இனிமே நைவேத்தியம் எப்படின்னு. மணியன் நல்ல மனுஷன், யாரோ நேர்லயே கேட்டப்ப, "அவ சிரிச்சுட்டு வீட்டுக்கு வர்ற ஒரே நாள் வியாழக்கிழமைங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு நகர்ந்துட்டார். நரம்பில்லாத நாக்குக்கு அதுக்கு மேல என்ன பதில்?

தொண்ணூத்தாறு செப்டம்பர். அறுவடை முடிஞ்சு பெரிய பெரிய தொட்டில பெட்டீட் சிரா பொங்கிட்டு இருக்கு. மேல திட்டா மிதக்கற தோலை ஜோ கட்டையால அமுக்கி அமுக்கி விடறான். நான் சாம்பிள் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிட்டு இருந்தேன். மரகதம் தொட்டி விளிம்புல கையை ஊனிக் குனிஞ்சு வேடிக்கை பார்த்துட்டு இருந்தவ, நிமிர்ந்தா.

"ஏனுங்கக்கா, இங்க யாரு மிளகு வறுக்கறாங்க?"

யாரும் வறுக்கல. அந்த ஷெட்ல அடுப்பே கிடையாது.

அவ மறுபடி குனிஞ்சா. பக்கத்துத் தொட்டிக்குப் போனா, ஒண்ணுமில்லன்னு தலையை ஆட்டினா, ஓடி வந்து மறுபடி இங்க குனிஞ்சா. "இங்கதானுங்க. மிளகுதானுங்க. வறுத்து இறக்கின சூட்டோட." அதுக்கப்புறந்தான் அவளுக்கே உறைச்சுது. மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கிட்டா. லூசியாகிட்ட நான் "பெப்பர்"னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அந்தம்மா பக்கத்துல கிடந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்கார்ந்து அழுதா. மரகதம் அவ முன்னாடி போய் நின்னு, "கதை விடறீங்கன்னு நினைச்சனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு தமிழ்லயே சொல்லிட்டு அவளும் அழுதா.

எல்லாம் திரும்பி வரல, அதையும் சொல்லிடறேன். மிளகு வந்துச்சு, அப்புறம் காபி, பெருங்காயம், ரொம்ப நாள் கழிச்சு யாமினி தலைமுடி. மல்லிகைப்பூ இன்னிக்கு வரைக்கும் இல்ல. "வந்த வரைக்கும் லாபமுங்க"ம்பா.

அடுத்த மாசப் பூஜை எங்க வீட்டுல. நைவேத்தியம் நான் பண்றேங்கன்னு அவளாவே வந்து கேட்டா. அன்னிக்குக் காலைல என் ஜன்னல் வழியா நெய்ல மிளகு பொரியற வாசனை ஏறி வந்துச்சு. நான் கையில இருந்த துடைப்பத்தைப் போட்டுட்டு கீழ ஓடினேன். வெண்பொங்கல். உப்பைப் போட்டுட்டு பானை மேல குனிஞ்சா. ஒரு இழுப்பு. கண்ணை மூடி நின்னா. மறுபடி ஒரு இழுப்பு. "சரியாத் தெரியலீங்கக்கா"ன்னா. வாயில வச்சுப் பாரேன்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சொல்லல. அவ இன்னொரு தடவை குனிஞ்சா. "இன்னுங் கொஞ்சம் கேக்குதுங்க"ன்னு ஒரு சிட்டிகை போட்டா.

லூசியாவையும் கூப்பிட்டிருந்தோம். சாக்ஸோட தரையில கால் நீட்டி உக்கார்ந்திருந்தா. ஆரத்தி முடிஞ்சு பொங்கலைக் குடுத்ததும், வைன்காரி பழக்கம், கப்பை ஒரு சுத்து சுத்தி மூக்குக்கிட்ட கொண்டு போனா. அப்புறம் வாயில போட்டு மென்னா. மரகதம் எதிர்ல நின்னு அவ வாயையே பார்த்துட்டு இருக்கா. லூசியாவுக்குத் தெரிஞ்ச தமிழ் மொத்தம் ஒரு வார்த்தை. தலையை ஆட்டி ஆட்டி, "நோ துவார்ப்பு"ன்னா.

"பொங்கல்ல ஏதுங்க துவர்ப்பு"ன்னு மரகதம் சொன்னா, சொல்லிட்டு அப்படிச் சிரிச்சா. நான் ஒரு வாய் போட்டுக்கிட்டேன். உப்பு, ஒரு கல் கூடல, ஒரு கல் குறையல.

"அன்னிக்கு நீயும் இருந்தே காமாக்ஷி"ன்னு முடிச்சேன். "ரெண்டாவது தடவை கப்பை நீட்டி வாங்கிச் சாப்பிட்டியே, ஞாபகம் இருக்கா? அந்தத் தொட்டி வைன்தான் உன் பக்கத்துல இருக்கற பாட்டில். லூசியா குடுத்தது."

காமாக்ஷி பாட்டிலை எடுத்தா, ஒரு பழைய துண்டைத் தேடி எடுத்துச் சுத்தினா, மேல ஒரு துண்டு சுத்தினா, பாக்ஸுக்குள்ள பஞ்சு மாதிரி துணியெல்லாம் அடைச்சு வச்சா. அந்த நேரம் பார்த்து மரகதம் உள்ள வந்துட்டா.

"அதை லாரில போட்டுராதீங்கக்கா. வெயில்ல போனா கெட்டுடும்னு லூசியா சொல்லியிருக்காங்க. டெக்சாஸ் வரைக்கும் மடியில வச்சுட்டுப் போயிடறேன்"னா.

"குடிக்கப் போறதில்ல, கெட்டா என்ன, கெடாட்டி என்ன?"ன்னு காமாக்ஷி மெதுவாக் கேட்டா.

மரகதம் துண்டைப் பிரிச்சு பாட்டிலை ஒரு தடவை பார்த்துட்டு மறுபடி சுத்தினா. "நமக்கு நல்லது செஞ்சதுங்க"ன்னா.